மிளகாய்க்கு வைத்த பொட்டு

செப்டம்பர் 22, திங்கள்

நாமக்கல் வந்து சேர்ந்தேன். தாராபுரத்தில் ஏறும்போதே டிரைவர் என்னை அடையாளம் கண்டு எழுந்து நிற்கப் பார்த்தார். ஓட்டுகிற ஆள் எழுந்தால் நன்றாயிருக்காது, உட்காருங்கள் என்று நான்தான் சொன்னேன். முப்பத்தொரு வருஷம் கண்டக்டராக இருந்த சென்னியப்பனுக்கு இந்த மரியாதைகூட இல்லாவிட்டால் எப்படி.

வந்த காரணம் என் அக்கா மகள் தாரணி. இங்கே கால்நடைக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். பாம்புக்குப் படிப்பு வருமா என்பதுதான் அவள் படிப்பு. வீட்டிலேயே இரண்டு பாம்பு வளர்க்கிறாள். அமெரிக்காச் சோளப் பாம்பு, விஷம் கிடையாது, அரசாங்கத்தில் பதிந்த காகிதமும் இருக்கிறது. செக்கச் செவேல் என்று இருப்பவன் மிளகாய். பழுப்பாக, ஒல்லியாக இருப்பவள் சீரகம். தாரணி மூன்று வாரம் வடக்கே பயிற்சிக்குப் போகிறாள். அதுவரை பாம்புகளை யார் பார்ப்பது என்று சொந்தத்தில் கேட்டபோது எல்லோருக்கும் திடீரென்று வேலை வந்துவிட்டது. நான் ஒருவன்தான் நின்றேன்.

நிற்கமாட்டேனா? ஒட்டன்சத்திரம் வண்டியில் சீட்டுக்கடியில் படமெடுத்த ஏழடி நாகத்தை வெறுங்கையால் பிடித்து, டிக்கெட் பையில் போட்டு, அடுத்த ஸ்டாப்பிங்கில் இறக்கிவிட்டவன் நான். இதைச் சொன்னால் என் வீட்டுக்காரி ருக்குமணி மூன்றரை அடி என்பாள். நான் எதைச் சொன்னாலும் சொந்தத்தில் பாதியாக்கித்தான் கேட்பார்கள். சின்ன வயசிலிருந்து முழுசாகக் கேட்டவள் தாரணி மட்டும்.

வேலை இதுதான். கல்யாண அண்டா அகலத்துக்கு ஒரு வெள்ளைத் தொட்டி. அடியோரம் சுற்றிலும் எட்டு ஓட்டை. ஏழுக்குப் பின்னால் அடைப்பு, ஜன்னல் பக்கத்து ஓட்டைக்குப் பின்னால் மட்டும் ஓர் இருட்டுப் பெட்டி. மேலே பெரிய விளக்கு. வெளிச்சம் பிடிக்காமல் பாம்பு ஒளிய இடம் தேடும். ஜன்னல் எங்கே, பீரோ எங்கே என்று பார்த்துச் சரியான ஓட்டையை ஞாபகம் வைக்கிறதா என்பது கேள்வி. தினம் ஆளுக்கு ஓர் ஓட்டம். எத்தனை தப்பு ஓட்டை, எத்தனை நிமிஷம் என்று நான் எழுத வேண்டும். பத்து நிமிஷம் ஆனால் எடுத்துவிட வேண்டும். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் பிறகு வினிகர் தண்ணீரில் துடைக்க வேண்டும், வாசனை தங்கக்கூடாது. ஒரு வாரம் அவளே ஓட்டிப் பார்த்துவிட்டாள். இரண்டும் இன்னும் தடுமாற்றம்தான்.

இந்த டைரியைக் கொடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதுங்க மாமா, உங்க எழுத்துதான் எனக்கு ஆதாரம் என்றாள். எட்டாவது படித்தவன் எழுத்து ஆராய்ச்சிக்கு ஆதாரம். ரயில் ஏற்றிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

மிளகாய்: 12 விநாடி. தப்பு இல்லை.
சீரகம்: 15 விநாடி. தப்பு இல்லை.

இரண்டும் என்னைப் பார்த்ததும் தலையைத் தாழ்த்தின. பாம்பைப் பழக்க அது இருக்கிற பெட்டியைத் திறக்க வேண்டும் என்பதில்லை. பார்வையிலேயே பழக்கலாம். பகல் முழுக்க பால்கனியில் இருந்தேன், காற்று நன்றாக வருகிறது.

செப்டம்பர் 24, புதன்

மிளகாய்: 11 விநாடி. சீரகம்: 13.

தாரணி போனில், எட்டு நிமிஷம் எடுத்துக்கிட்டது எப்படி மாமா பன்னெண்டு விநாடி ஆச்சு என்று கேட்டாள். எல்லாம் சொல்லிக்கொடுக்கிற ஆளைப் பொறுத்தது என்றேன். அவள் சிரித்தாள், நம்பித்தான் சிரித்தாள் என்று நினைக்கிறேன்.

வீட்டு வேலைக்கு மாராயி என்று ஓர் அம்மா வருகிறது. ஐம்பது வயசிருக்கும். வாய் மட்டும் இருபது வயசு. இரண்டு நாளாகப் பாம்புக் கிண்ணத்தில் தண்ணீர் மாற்றவில்லையே என்றது. மாற்றத்தான் போகிறேன், நல்ல நேரம் பார்க்கிறேன் என்றேன். மாராயி கையைத் துடைத்துக்கொண்டு மூடியைத் திறந்து, ஈரச் சேலையைக் கொடியிலிருந்து எடுக்கிற மாதிரி மிளகாயை எடுத்து, "புடிங்க கண்டக்டரே, கிண்ணம் கழுவணும்" என்று என் கையில் போட்டுவிட்டது.

நான் அசையவில்லை. கண்ணைக்கூட இமைக்கவில்லை. மிளகாய் என் கை வழியாகத் தோளுக்கு ஏறி, காதில் நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டு, சட்டைப் பைக்குள் தலையை விட்டான். மாராயி திரும்பி வந்து பார்த்து, "மூச்சு விடுங்க, அது ஒண்ணும் பண்ணாது" என்றது. மூச்சை அடக்குவது யோகம் என்று அதற்குத் தெரியாது.

செப்டம்பர் 25, வியாழன்

மிளகாய்: 9 நிமிஷம் 20 விநாடி. ஆறு ஓட்டை தப்பு.
சீரகம்: பத்து நிமிஷமும் விட்ட இடத்திலேயே சுருண்டு கிடந்தாள்.

இரண்டு நாள் சாதனைக்குப் பிறகு களைப்பு வருவது சகஜம். தாரணியிடம் அப்படியே சொன்னேன்.

பாம்பின் உடம்பு சில்லென்று வழவழவென்று இருக்கும் என்று யார் சொன்னது? நன்றாகக் காய்ந்த பட்டுவேட்டி மாதிரி இருக்கிறது.

செப்டம்பர் 26, வெள்ளி

மிளகாய்: 8 நிமிஷம் 50. ஏழு தப்பு. இருக்கிற தப்பு அத்தனையும் பார்த்துவிட்டுத்தான் சரியானதுக்குப் போனான்.
சீரகம்: மூன்று நிமிஷம் யோசனை. நாலு தப்பு. 9 நிமிஷம்.

செப்டம்பர் 27, சனி

இன்று சாப்பாடு. ஐஸ் பெட்டியில் எலி இருக்கிறது. வெந்நீரில் போட்டு இளகவைத்து இடுக்கியில் பிடித்துக் காட்ட வேண்டும். நான் ஒரு டம்ளரை எடுத்தேன். மாராயி என்னையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தது. "அதுல நாளைக்கு காப்பி குடிப்பீங்களா?" என்றது. எலிக்கென்று ஒரு தனி டப்பா இருக்கிறதாம்.

மிளகாய் இடுக்கியோடு சேர்த்து இழுத்தான். சீரகம் எலியை மோந்து, பின்வாங்கி, நான் அறையை விட்டுப் போனபிறகு தின்றாள். தின்னும்போது யாரும் பார்க்கக்கூடாது என்று சில பெரிய குடும்பத்துப் பெண்கள் நினைப்பார்கள், அந்த மாதிரி.

தின்ற பிறகு இரண்டு நாள் ஓட்டம் கிடையாது, செரிக்க வேண்டும்.

செப்டம்பர் 29, திங்கள்

பாம்புக்குக் குணம் கிடையாது, எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் இங்கே வந்து பார்க்கட்டும். மிளகாய் நம்ம ரகம். மூடியைத் திறந்தால் முதலில் தலையை நீட்டி யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பான். எந்த ஓட்டையாக இருந்தாலும் அதுதான் சரி என்ற தைரியத்தோடு போவான். முட்டிக்கொண்டால் வெட்கப்படாமல் அடுத்ததுக்குப் போவான். சீரகம் எதிர்மாறு. விட்ட இடத்திலேயே தலையை மட்டும் உயர்த்தி ஜன்னலைப் பார்ப்பாள், பீரோவைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள். பிறகுதான் நகருவாள். இவளுக்குப் படிப்பு வராது என்று முடிவு செய்திருக்கிறேன்.

மிளகாயை முதல் மாணவனாக்கிக் காட்டுகிறேன் என்று தாரணியிடம் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

மிளகாய்: 8 நிமிஷம் 40. ஆறு தப்பு.
சீரகம்: 5 நிமிஷம். இரண்டு தப்பு.

அக்டோபர் 1, புதன்

காலையில் மிளகாய் பத்து நிமிஷமும் சுற்றி, கடைசியில் வட்டமாகப் படுத்துவிட்டான். சீரகம் 4 நிமிஷம் 10, ஒரு தப்பு.

ஆயுத பூஜை. தொழில் செய்கிற வீட்டில் இன்று எதற்கும் பொட்டு வைக்காமல் விடக்கூடாது. பஸ்ஸுக்கே வாழைக்கன்று கட்டி மாலை போட்டுப் பழகிய கை இது. கடிகாரம், இடுக்கி, தராசு, விளக்கு, எலி டப்பா எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். இருட்டுப் பெட்டியின் வாசலில் நல்லதாகப் பெரிய பொட்டு. அதுதானே மிளகாய்க்கு வெற்றி வாசல். சுண்டல், பொரி. மாராயிக்கு ஒரு பொட்டலம்.

அக்டோபர் 2, வியாழன்

மிளகாய்: 4 நிமிஷம். மூன்று தப்பு.
சீரகம்: 3 நிமிஷம் 50. ஒரு தப்பு.

தொட்டியை வினிகர் போட்டுத் துடைத்தேன். பெட்டி வாசலை மட்டும் துடைக்கவில்லை. வைத்த பொட்டை மறுநாளே யாராவது அழிப்பார்களா.

அக்டோபர் 3, வெள்ளி

மிளகாய்: 55 விநாடி. தப்பே இல்லை.

இரண்டு தடவை கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தேன். நிஜமாகவே 55. தாரணிக்கு உடனே போன் போட்டேன். அவள், இன்னொரு தடவை சொல்லுங்க மாமா என்றாள். சொன்னேன்.

சீரகம் 3 நிமிஷம் 30. அதில் இரண்டரை நிமிஷம் யோசனை.

அக்டோபர் 4, சனி

மிளகாய்: 22 விநாடி.

விட்டதும் நாக்கை நாலு தடவை நீட்டினான், அம்பு மாதிரி போனான். ஆராய்ச்சி வாத்தியாரம்மாவிடம் தாரணி சொல்லியிருக்கிறாள். அவர்கள் பெங்களூரில் நடக்கிற பெரிய கூட்டத்தில் இதை நீயே மேடையில் பேசு என்றிருக்கிறார்கள். கட்டுரையை ஒன்பதாம் தேதிக்குள் அனுப்ப வேண்டுமாம். மூன்று வருஷமா இதுக்குத்தான் மாமா காத்துக்கிட்டு இருந்தேன் என்றாள். தாராபுரத்தில் பதினாலு பேருக்குப் போன் போட்டேன். பாம்புக்குப் பாடம் எடுத்துப் பாஸ் பண்ண வைத்த ஒரே கண்டக்டர் இந்தியாவிலேயே நான்தான் என்றேன். ருக்குமணி மட்டும், அந்தப் புள்ளை பேரு கெட்டுடாம பாத்துக்கங்க என்றாள். சாயங்காலம் எலி.

அக்டோபர் 5, ஞாயிறு

ஓட்டம் இல்லை. தூங்கினேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

மிளகாய்: 9 நிமிஷம் 5. ஏழு தப்பு.

கண் பட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பதினாலு பேரிடம் சொன்னால் படாதா. உப்பு மிளகாய் சுற்றிப் போடலாமா என்று மாராயியிடம் கேட்டேன். மிளகாய்க்கே மிளகாய் சுத்தப் போறீங்களா என்றது. பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டே, நேற்றுப் பெட்டி வாசலில் எறும்பு மொய்த்ததாகவும் சந்தனத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டதாகவும் சொன்னது.

எழுந்து போய்ச் சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்தேன்.

விளையாட்டுக்காக மறுபடியும் வாசலில் சந்தனம் வைத்தேன். மிளகாயை விட்டேன். 25 விநாடி. அதையும் விளையாட்டாகத் துடைத்துவிட்டு, கதவுப் பக்கம் அடைத்த ஓட்டையில் வைத்தேன். மிளகாய் நாக்கை நீட்டி, நேரே கதவுப் பக்கம் போய், அடைப்பில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றான். மூன்று தடவை இடம் மாற்றிவைத்தேன். மூன்று தடவையும் சந்தனம் எங்கேயோ அங்கே.

பிறகு சீரகத்தை எடுத்தேன். சந்தனம் கதவுப் பக்கமே இருந்தது. இரண்டு நிமிஷம் தலையை உயர்த்தி ஜன்னலைப் பார்த்தாள். போனாள். சந்தனத்தைத் திரும்பியும் பார்க்காமல் ஜன்னல் பக்கத்து ஓட்டைக்குள் போய்விட்டாள். இன்னொரு தடவை விட்டேன். அதேதான்.

மாராயி வாசல்படியில் துடைப்பத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தது. "சத்தமில்லாத பொண்ணுதான் படிச்சிருக்குது" என்றது.

அக்டோபர் 8, புதன்

மழை. தாரணி போன் செய்தாள். கட்டுரையை எழுதி முடித்துவிட்டாளாம், முதல் வரியிலேயே மிளகாய் பெயர் வருகிறதாம். கடைசியில் நன்றி என்று ஒரு பகுதி உண்டாம், அதில் என் பெயர். சென்னியப்பன் என்று இங்கிலீஷில் எழுத இரண்டு 'என்' எழுத்து போடணுமா என்று கேட்டாள். இரண்டு என்றேன்.

சரியாகச் சாப்பிடவில்லை. மழைக்குப் பசி இருக்காது.

அக்டோபர் 9, வியாழன்

முப்பத்தொரு வருஷத்தில் நான் சொல்லாத கதை கிடையாது. ஆனால் வண்டியில் டிக்கெட் கணக்கு எழுதுகிற இன்வாய்ஸில் ஒரு நம்பரை மாற்றி எழுதினதில்லை. செக்கிங் ஏறினால் எழுந்து நின்று நீட்டுவேன். மாற்றி எழுதினால் என்னால் வேறு யாராவது மாட்டிக்கொள்வார்கள் என்பதால்தான் எழுதாமல் இருந்தேன். இங்கே மாட்டிக்கொள்ளப் போவது யார்? பெங்களூரில் மேடையில் நிற்கும்போது, வேறு யாராவது இதே மாதிரி ஓட்டிப் பார்த்துவிட்டு எழுந்து கேட்டால்?

மதியம் இரண்டு மணிக்குப் போன் போட்டேன்.

"கட்டுரையை அனுப்பிட்டியா கண்ணு?"

"சாயந்திரம் அனுப்பறேனுங் மாமா. ஏனுங்?"

"அனுப்பாதே. பொட்டு வச்சுட்டேன்."

"யாருக்கு?"

"பெட்டிக்கு. ஆயுத பூஜைக்கு. மிளகாய் சந்தனத்தை மோந்துதான் போயிருக்கான். படிக்கலை."

பிறகு அவள் கேட்டதெல்லாம் சின்னச் சின்னக் கேள்வி. எந்தத் தேதி, எந்த இடத்தில், எத்தனை நாள் துடைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அடுத்து, முதல் இரண்டு நாள் பன்னெண்டு விநாடிக் கணக்கு எப்படி என்றாள்.

"அப்ப பாம்புப் பெட்டியையே தொறக்கலை கண்ணு."

"பஸ்ஸுல புடிச்ச நாகம்?"

பொய் சொல்ல வேண்டும் என்றால் அங்கே இடம் இருந்தது.

"அது சாரைப் பாம்பு. புடிச்சது டிரைவர். நான் ஜன்னல் வழியா எறங்கிட்டேன்."

போனை வைத்துவிட்டாள்.

அக்டோபர் 10, வெள்ளி

மிளகாய்: பத்து நிமிஷம் ஆனது, எடுத்துவிட்டேன். சீரகம்: 2 நிமிஷம் 40, தப்பு இல்லை. இரண்டும் பொட்டில்லாமல்.

போன் வரவில்லை.

அக்டோபர் 11, சனி

ருக்குமணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னல் வழியாக இறங்கியதையும். ரொம்ப நேரம் சிரித்தாள். இன்னிக்குத்தான் பாதியாக்காம ஒரு சேதி கேட்டேன் என்றாள். நாளை தாரணி வருகிறாள், பையைக் கட்டி வைத்துவிட்டேன், மதிய வண்டிக்கு வந்துவிடுகிறேன் என்றேன்.

டைரியில் செப்டம்பர் 23, 24 இரண்டையும் சிவப்பு மையில் குறுக்கே அடித்தேன். அக்டோபர் 2 முதல் 4 வரை மிளகாய் கணக்குக்குப் பக்கத்தில் 'சந்தனம்' என்று எழுதினேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

தாரணி காலையில் வந்தாள். பெங்களூர் வாய்ப்பு போய்விட்டது. வாத்தியாரம்மா அந்த இடத்தை வேறு பையனுக்குக் கொடுத்துவிட்டார்களாம். அதை அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலாம். தண்ணி வேணுமா மாமா என்கிற குரலில் சொன்னாள்.

டைரியை வாங்கி உட்கார்ந்து முதலிலிருந்து படித்தாள். ஏழாம் தேதிக்கு வந்ததும் நிறுத்தினாள். சந்தனத்தை இடம் மாத்தி வச்சது நீங்களேயா, யாராவது சொல்லிக் கொடுத்தாங்களா என்றாள். நானேதான் என்றேன்.

"சீரகம் சந்தனத்தை விட்டுட்டு ஜன்னல் பக்கம் போனது. அது நெசமா மாமா, கதையா?"

என்னை யாரும் எப்போதும் இப்படிக் கேட்டதில்லை. பாதியாக்குவார்கள், கேட்கமாட்டார்கள். நெசம் என்றேன். மாராயி இருந்தது, கேட்டுப் பார் என்றேன். கேட்கவில்லை. டைரியை மூடிவைத்துவிட்டு, இதைத்தான் மாமா நான் மூணு வருஷமா தேடறேன், ஒண்ணு மோப்பத்துல போகுது, ஒண்ணு இடத்தை ஞாபகம் வச்சுப் போகுது, ஒரே வகைப் பாம்புல ரெண்டு குணம் என்றாள். ஆனால் இந்த டைரியை வைத்து எவருக்கும் காட்ட முடியாது. மறுபடியும் பதினைந்து நாள் சுத்தமாக ஓட்ட வேண்டும். சந்தனத்தைத் தினம் ஓர் ஓட்டையில் மாற்றி வைத்து.

கல்லூரிக்குப் போகிற அவளுக்குக் காலையில் நேரமில்லை. பையை அவிழ்த்தேன். தீபாவளிக்கு ருக்குமணியே முறுக்கோடு இங்கே வருகிறாளாம்.

அக்டோபர் 13, திங்கள்

தாரணி மூன்று நாள் லீவு போட்டாள். தொட்டிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். அவளுக்கு ஒரு நோட்டு, எனக்கு இந்த டைரி. ஒருத்தர் எழுதுவதை மற்றவர் பார்க்கக்கூடாது. முடிந்ததும் ஒப்பிட்டோம். ஒன்றாக இருந்தது.

மிளகாயைத் தூக்கும்போது, கை ஏன் மாமா நடுங்குது என்றாள். பயம் என்றேன். இன்னுமா என்றாள். இன்னும்தான்.

அக்டோபர் 14, செவ்வாய்

மறுபடியும் ஒப்பிட்டோம். ஒரே மாதிரி.

அக்டோபர் 15, புதன்

இன்று வித்தியாசம். மிளகாய்க்கு நான் ஐந்து தப்பு என்று எழுதினேன், தாரணி நாலு என்று. அவள் டீயை எடுக்கத் திரும்பியபோது அவன் பீரோப் பக்கத்து ஓட்டையில் தலையை விட்டு எடுத்தான் என்றேன். நம்பிக்கையில்லாமல் பார்த்தாள். கூட்டிக்கொண்டிருந்த மாராயி, "அஞ்சுதான் அம்மிணி. உன்ற மாமா இன்னிக்கு நெசம் சொல்றார், எழுதிக்க" என்றது. தாரணி நாலை அடித்து ஐந்து போட்டாள். அடிக்கும்போது சிரிப்பை அடக்கியதைப் பார்த்தேன். இதில் நான் எதையும் சேர்க்கவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

காலையில் தாரணி தலைவாரிப் பையை மாட்டிக்கொண்டு வந்தாள். நோட்டு எங்கே என்றேன். காலேஜுக்கு நேரமாச்சு, நீங்க எழுதி வைங்க மாமா, சாயந்திரம் வந்து பாத்துக்கறேன் என்று செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். மாராயி இன்று லீவு. வீட்டில் நான், மிளகாய், சீரகம்.

சீரகம்: 2 நிமிஷம் 10. தப்பு இல்லை.
மிளகாய்: 9 நிமிஷம் 58. ஏழு தப்பு.

இன்னும் இரண்டு விநாடி போயிருந்தால் பத்து நிமிஷம், தோற்றவன் கணக்கில் சேர்ந்திருப்பான். கடைசி ஓட்டையில் பாதி உடம்பு உள்ளேயும் வால் வெளியேயும் இருக்கும்போது மணி பார்த்தேன். வால் நுனி மறைந்தபோதுதான் கடிகாரத்தை அமுக்கினேன். 58 என்பது 58தான்.